பூஜ்ஜிய இறக்குமதி விழா

காலை ஒன்பதரை மணிக்கு முட்டைக்கோஸ் வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த மச்சினன், முதுகில் மாட்டியிருந்த தெளிப்பானோடு குப்புற விழுந்தான். விழுந்தவன் சும்மா கிடக்கவில்லை. மண்ணைக் கடித்தான். தூக்க வந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மூக்கில் உதை விழுந்தது. இன்னொருவருக்குப் பல் ஆடிப்போனது. பத்தரை மணிக்கெல்லாம் அவனை மருத்துவமனைக் கட்டிலில் போட்டு, படுக்கை விரிப்பைக் கிழித்துக் கைகால்களைக் கட்டியிருந்தார்கள். வாயில் நுரை. கண்ணின் பாப்பா குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவனுடைய அக்கா அவன் மார்பின்மேல் குறுக்காகப் படுத்து, உடம்பு துள்ளாமல் அழுத்திப் பிடித்திருந்தாள்.

அக்காவின் கணவர் ஓர் எடைமேடைக்காரர். துறைமுகத்திலிருந்து வெளியேறும் லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. பத்தொன்பது வருடமாக எண்களோடு குடித்தனம் நடத்துகிறவர். எண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று மனதார நம்பினார். அதிர்ந்து பேசாத மனிதர். லாரி பின்னோக்கி வரும்போதுகூட “போதும், போதும்” என்று மெதுவாகத்தான் சொல்வார். அதனால் இரண்டு முறை கால்விரல் நசுங்கியிருக்கிறது.

“என்ன மருந்து அடிச்சாரு?” என்று டாக்டரம்மா கேட்டார்.

எடைமேடைக்காரர் வயலிலிருந்து எடுத்து வந்த கேனை நீட்டினார். அதில் ஒரு மஞ்சள் பூவின் படம் இருந்தது. படத்துக்குக் கீழே ‘வேளாண் நறுமண நீர்’ என்று எழுதியிருந்தது.

டாக்டரம்மா மூடியைத் திறந்தார்; திறந்த வேகத்தில் மூடினார். “இது பூச்சிக்கொல்லி. சந்தேகமே இல்ல. முறிவு மருந்து ஏத்தியாகணும். மருந்தகத்துக்கு ஓடுங்க.”

மருந்தகத்தில் முறிவு மருந்து இருந்தது. ஆறு பெட்டி. கண்ணாடி அலமாரிக்குள் எல்லோருக்கும் தெரியும்படி அடுக்கி வைத்து, கதவுக்கு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பக்கத்தில் தடியோடு ஒரு காவலாளி.

மருந்தாளர் பொறுமையாக விளக்கினார். “நாட்டுக்குள்ள எவ்வளவு பூச்சிக்கொல்லி இறக்குமதியாகுதோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் சார் முறிவு மருந்து ஒதுக்குவாங்க. மூணு வருஷம் முன்னாடி எங்களுக்கு நாப்பது பெட்டி. போன வருஷம் பதினாலு. இந்த வருஷம் இறக்குமதி பூஜ்ஜியம். விஷமே வராத நாட்டுல முறிவு மருந்து எதுக்கு? மிச்சத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லி சீல் வெச்சுட்டாங்க.”

“என் மச்சினன் துடிக்கிறான் சார்.”

“துடிக்கலைன்னு நான் சொல்லலையே. எதனால துடிக்கிறாருன்னு பூச்சிக்கொல்லி இயக்ககத்துல ஒரு சான்று வாங்கிட்டு வந்துடுங்க. ‘இது விஷம்’னு ஒரே ஒரு வரி. அரை நிமிஷத்துல சீலை எடுத்துடலாம். போன வாரம் ஒருத்தர் சான்று இல்லாமலே உடைக்கப் பார்த்தாரு.” மருந்தாளர் காவலாளியைக் காட்டினார். “இவரு அவரோட மணிக்கட்டை உடைச்சுட்டாரு. எலும்புப் பிரிவுலதான் இருக்காரு. அங்கே மருந்துக்குக் குறையே கிடையாது.”

டாக்டரம்மா தன் மேசை இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டியதில் ஏழெட்டுக் குப்பிகள் தேறின. “இதை வெச்சு மதியம் ரெண்டு மணி வரைக்கும் இழுத்துப் பிடிக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

மனைவி தம்பியின் மார்பிலிருந்து தலையை மட்டும் தூக்கினாள். தம்பியின் முழங்கை பட்டு அவள் உதடு கிழிந்திருந்தது. “ஏங்க, போங்க. அங்க போயும் ‘பரவாயில்லைங்க’ன்னு ஓரமா நின்னுட்டு வந்துடாதீங்க.”

எடைமேடைக்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பூச்சிக்கொல்லி இறக்குமதிப் போக்குகள் கண்காணிப்பு இயக்ககத்துக்கு ஆறு மாடி. அதன் முகப்புச் சுவரில் ஆண்டு இறக்குமதியைச் சிவப்புக் கோடாக வரைந்திருந்தார்கள். அந்தக் கோடு பத்து வருடம் மேலே ஏறிக்கொண்டே போனது. எட்டாவது வருடம் கூரையை முட்டியதால், கூரையில் ஓட்டை போட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு புதிய இயக்குநர் வந்தார். மூன்றே வருடத்தில் கோட்டைத் தரைக்கு இறக்குவேன் என்று சபதம் செய்தார், இறக்கியும்விட்டார். முதல் வருடம், வந்த பூச்சிக்கொல்லியில் பாதிக்குப் ‘பயிர் ஊக்கி’ என்று பெயர் மாற்றினார். இரண்டாம் வருடம், மீதியில் பெரும்பங்கு ‘பீப்பாய்’ என்ற இனத்தின் கீழ் வந்தது. உள்ளே இருப்பதை விட்டுவிட்டு வெளியே இருப்பதை மட்டும் எண்ணினார்கள். மூன்றாம் வருடம் எஞ்சியதெல்லாம் நறுமண நீர் ஆயிற்று. அந்த மூன்று வருடமும் துறைமுகத்திலிருந்து போன லாரிகள் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தன. ஆனால் லாரியை எண்ணுவது வேறு துறையின் வேலை.

அன்றைக்கு இயக்ககத்தில் பூஜ்ஜிய இறக்குமதி விழா. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பூஜ்ஜியம் நிறுத்தியிருந்தார்கள். எடைமேடைக்காரர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குள் நுழைந்துதான் கட்டடத்துக்குள் போக வேண்டியிருந்தது.

தரைத்தளத்தில் அடிதடி நடந்துகொண்டிருந்தது. முப்பது நாற்பது இறக்குமதி முகவர்கள் ஒரே கவுண்ட்டரின் முன்னால் புரண்டார்கள். ஒருவர் தன் விண்ணப்பத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கைகளாலும் குத்தினார். இன்னொருவர் கீழே கிடந்தவரின் முதுகில் வைத்துப் படிவம் நிரப்பினார்.

“எதுக்குங்க இப்படி அடிச்சுக்கறாங்க?” என்று பியூனைக் கேட்டார் எடைமேடைக்காரர்.

“இறக்குமதி அனுமதிக்கு.”

“இறக்குமதிதான் பூஜ்ஜியம்னு வாசல்ல நிக்குதே?”

“அதனாலதான் இவ்வளவு கூட்டம். முன்னாடி எல்லாம் உச்சவரம்பு இருந்துச்சு. பூஜ்ஜியத்துக்கு ஏதுங்க உச்சவரம்பு?”

யாரையோ குறிவைத்த ஒரு குத்து எடைமேடைக்காரரின் காதில் விழுந்தது. “பரவாயில்லைங்க” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார்.

கேனில் இருந்த பெயரைப் பார்த்து அவரை மூன்றாவது மாடிக்கு, நறுமணப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஓர் அலுவலர் படிவத்தை எடுத்து வைத்தார். “புகார் என்ன? மணம் குறைவா, மணம் அதிகமா, மணம் பிடிக்கலையா?”

“உடம்பு துடிக்குதுங்க. வாயில நுரை தள்ளுது.”

அலுவலர் யோசித்தார். “சந்தோஷத்துல துடிக்கிறாரா?”

“இல்லைங்க. சாகப் போறான்.”

“அப்போ மணம் அதிகம்.” அந்தக் கட்டத்தில் குறியிட்டுப் படிவத்தை மடித்துக் கொடுத்தார். “நாலாவது மாடி. புள்ளிவிவரப் பிரிவு.”

நான்காவது மாடியில் புள்ளிவிவரத் தலைவர் விழாவுக்கான வரைபடத்துக்குக் கடைசி மெருகு ஏற்றிக்கொண்டிருந்தார். எடைமேடைக்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். கடைசியாக, தான் சொல்வது உண்மை என்று நிரூபிப்பதற்காக, சட்டைப்பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். “நான் எடைமேடையில வேலை பார்க்கிறேன் சார். இதே கேன், போன மாசம் மட்டும் முப்பத்தொரு லாரி போச்சு. நானே எடை போட்டேன்.”

புள்ளிவிவரத் தலைவர் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து எடைமேடைக்காரரின் கன்னத்தில் அறைந்தார்.

“உன்னை யாருய்யா எடை போடச் சொன்னது?”

“அதுதானுங்க என் வேலை.”

மறுகன்னத்திலும் விழுந்தது. அதற்குள் பக்கத்து அறையிலிருந்து அனுமதிப் பிரிவின் தலைவர் ஓடி வந்தார். “முப்பத்தொண்ணா? நான் நாப்பது லாரிக்கு அனுமதி கொடுத்தேன். ஒம்பது எங்கே போச்சு?”

“நீ நாப்பது கொடுப்ப, நான் பூஜ்ஜியம் எழுதணுமா? போன வருஷமும் இதே மாதிரிதான் கழுத்தை அறுத்த!”

“நான் அனுமதி கொடுக்கலைன்னா நீ எதைய்யா குறைப்ப? நான் ஏத்தி வெச்சாத்தான் நீ இறக்க முடியும்!”

நாட்டின் இறக்குமதிக் கொள்கை இவ்வளவு சுருக்கமாக அதற்கு முன் யாராலும் சொல்லப்பட்டதில்லை. புள்ளிவிவரத் தலைவர் காகித எடையை எடுத்து வீசினார். அது ஜன்னலை உடைத்துக்கொண்டு வெளியே போயிற்று. கீழே யாரோ அலறினார்கள். அனுமதித் தலைவர் ஆண்டறிக்கையைத் தூக்கினார். எண்ணூறு பக்கம், கெட்டி அட்டை. ஒரே அடியில் புள்ளிவிவரத் தலைவரின் முன்பல் தெறித்து வரைபடத்தில் விழுந்தது. உதவியாளர் ஒருவர் பதறிப்போய் ஓடி வந்தார். பல்லை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கோட்டுக்கு மேலே விழுந்திருந்த ரத்தத் துளியின்மேல் வெள்ளை மை தடவினார்.

இந்த நேரத்தில் இணை இயக்குநர் கதவை உதைத்துத் திறந்தார். அவர் மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். “விழாவுல பேச வேண்டிய விவசாயி வரலை. நேத்து நறுமணம் தெளிச்சுட்டு வீட்டுக்குப் போனவரு இன்னும் எந்திரிக்கலையாம். பொறுப்பில்லாத ஜனங்க.” அவர் பார்வை எடைமேடைக்காரரின்மேல் விழுந்தது. மச்சினனைத் தூக்கும்போது ஒட்டிய சேறு அவர் சட்டையில் காய்ந்திருந்தது. “இவரு மேல மண்ணு இருக்கு. இவரு போதும்.”

“சார், எனக்கு ஒரு சான்று...”

“மேடையில ரெண்டு வார்த்தை நல்லதாப் பேசுங்க. சான்று தானா வரும்.”

மணி பன்னிரண்டே முக்கால். எடைமேடைக்காரர் கேனை அணைத்தபடி மேடையில் உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

“நண்பர்களே, மேலே போகும் கோட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் அதைக் கீழே கொண்டுவந்தேன். எப்படி என்று கேட்கிறார்கள். விவசாயிகளிடம் பேசினீர்களா? இல்லை. வயல்களுக்குப் போனீர்களா? ஒரு நாளும் இல்லை. வயலைப் பார்த்தால் மனம் தடுமாறும். மனம் தடுமாறினால் கோடு வளையும். இந்த மூன்று வருடத்தில் என் காலணியில் ஒரு மண் துகள்கூடப் பட்டதில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு நமது இலக்கு பூஜ்ஜியத்துக்கும் கீழே!”

கைதட்டல் ஓயவே ஒரு நிமிடம் ஆயிற்று. எடைமேடைக்காரரை ஒலிவாங்கியின் முன் தள்ளினார்கள். நல்லதாக இரண்டு வார்த்தை தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

“என் மச்சினன் இதை அடிச்சுட்டு விழுந்துட்டானுங்க. கட்டிப் போட்டிருக்காங்க. இது விஷம்னு ஒரு வரி எழுதிக் கொடுத்தீங்கன்னா பொழைச்சுப்பான். ரெண்டு மணிக்குள்ள வேணுங்க.”

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவரோ சிரித்தார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் மேசைக்கு வந்த கோப்புகள் அனைத்திலும் ‘நறுமண நீர்’ என்றுதான் இருந்தது. தான் கையெழுத்துப் போட்டதைத் தானே நம்புகிற பழக்கம் அவருக்கு இருந்தது.

“இதையா விஷங்கறீங்க?” கேனை வாங்கினார். “பூ படம் போட்டிருக்கே, பார்க்கலையா?” மூடியைத் திருகி, அந்த மூடியிலேயே ஊற்றினார். மூடி இருபது மில்லி கொள்ளும்.

“ஐயா, வேண்டாம்!” எடைமேடைக்காரர் பாய்ந்து அவர் கையைத் தட்டினார். பாதி சட்டையில் கொட்டியது. பாதி உள்ளே போயிற்று. இயக்குநரைத் தாக்கியதாக நினைத்து இரண்டு காவலாளிகள் எடைமேடைக்காரரைத் தரையில் சாய்த்தார்கள். ஒரு பூட்ஸ் அவர் விலாவில் இறங்கியது. இன்னொன்று புருவத்தைப் பிளந்தது. ரத்தம் வழிந்த ஒற்றைக் கண்ணால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இயக்குநர், “லேசா ஒரு கசப்...” என்று தொடங்கி, முடிக்காமல் சரிந்தார். விழுந்த வேகத்தில் பேச்சு மேசை கவிழ்ந்தது. அவர் கால்கள் முன்வரிசை வரைக்கும் உதைத்தன.

“யாரும் பதறாதீங்க. சார் உணர்ச்சிவசப்பட்டிருக்காரு” என்றார் இணை இயக்குநர்.

“நுரை வருதே சார்?”

“பூஜ்ஜியம்னா சும்மாவா? யாருக்கா இருந்தாலும் நுரை வரத்தான் செய்யும்.”

எடைமேடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். “சான்று எழுதுங்க சார். உங்க இயக்குநரும் செத்துடுவாரு.”

இணை இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். அவர் அந்தப் பதவியில் பதினான்கு வருடமாக இருந்தார். “விஷம்னு எழுதினா கோடு ஏறிடும்யா. விழா அன்னைக்கே கோட்டை ஏத்தின பாவம் எனக்கு எதுக்கு? சாரே இதை விரும்ப மாட்டாரு.”

எடைமேடைக்காரர் மேடையில் சிதறிக் கிடந்த இயக்ககத் தாள் ஒன்றை எடுத்தார். ‘இது விஷம்’ என்று எழுதினார். இயக்குநரின் மார்பில் ஏறி உட்கார்ந்து, துள்ளிய கையை முழங்காலால் அழுத்தி, விரல்களுக்கு நடுவே பேனாவைத் திணித்தார். தாளைப் பிடுங்க வந்த காவலாளியின் மணிக்கட்டைக் கடித்தார். வாயில் உப்புக் கரித்தது. யாரிடமும் “கொஞ்சம் நகருங்க” என்றுகூடச் சொல்லாதவருக்கு அது புது ருசி.

“போடுங்க ஐயா, கையெழுத்து!”

இயக்குநரின் பற்கள் கிட்டியிருந்தன. அவற்றின் இடுக்கு வழியாகச் சொன்னார்: “‘விஷம்’ வேணாம்... ‘விஷம் எனக் கருதத்தக்கது’ன்னு...”

எடைமேடைக்காரர் பழக்கதோஷத்தில் “சரிங்க ஐயா” என்று திருத்தி எழுதினார். கையெழுத்து விழுந்தது.

இயக்குநரைத் தூக்க ஆள் வரவில்லை. விழாவில் இருந்தவர்கள் இணை இயக்குநரைச் சுற்றி நிற்கத் தொடங்கிவிட்டார்கள். பியூன் ஒருவர்தான் ஓடி வந்து கால்களைப் பிடித்தார். “வண்டிச் சாவி என்கிட்ட இருக்கு. நீங்க தலைப்பக்கம் தூக்குங்க.” வாசலில் நின்ற பூஜ்ஜியத்துக்குள் மூன்று பேர் சேர்ந்தாற்போல் நுழைய முடியவில்லை. பியூன் அதை உதைத்துச் சாய்த்தார்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. மருந்தாளர் சான்றை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“‘கருதத்தக்கது’ன்னு இருக்கே சார். யார் கருதணும்? அதுக்கு ஒரு குழு போடணுமே.”

எடைமேடைக்காரருக்குப் பின்னால் ஏதோ தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. மனைவி வந்துகொண்டிருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புத் தண்டைக் கையில் பிடித்திருந்தாள்.

“தள்ளுங்க” என்றாள்.

முதல் அடியில் கண்ணாடி விரிசல் விட்டது. காவலாளியின் தடி அவள் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடி, இரண்டாவது தடி. மூன்றாவது முறை தடி இறங்குவதற்குள் எடைமேடைக்காரர் காவலாளியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுவரில் மோதினார். கண்ணாடி மொத்தமாகக் கொட்டியது. அவள் கை முழங்கை வரை கிழிய, ஆறு பெட்டிகளையும் வாரி மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள். அரக்கு முத்திரை மட்டும் கதவுச் சட்டத்தில் சேதமில்லாமல் அப்படியே இருந்தது. சீலை யாரும் உடைக்கவில்லை என்று மருந்தாளர் பிற்பாடு எழுதிக் கொடுத்தார். அவள்மேல் வழக்கு வராமல் போனது அதனால்தான்.

டாக்டரம்மா ஆளுக்கு மூன்று பெட்டியாகப் பிரித்தார்.

“என் தம்பிக்கு முதல்ல போடுங்க” என்றாள் மனைவி.

“ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான்மா போடப் போறேன். நீ அந்தக் கையைக் காட்டு, ரத்தம் கொட்டுது.”

இரண்டு பேரும் பிழைத்தார்கள். நான்காம் நாள் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கண் விழித்தார்கள். இரண்டு பேருக்கும் கை நடுங்கியது. தண்ணீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அந்த நடுக்கம் போகாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அன்று பிற்பகல் இணை இயக்குநர் ஒரு கோப்போடும் ஒரு போலீஸ்காரரோடும் வந்தார். தையல் போட்ட புருவத்தோடு மச்சினனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த எடைமேடைக்காரரைப் பார்த்து வாசித்துக் காட்டினார்.

“முறிவு மருந்து ஆறு பெட்டி செலவாகியிருக்கு. செலவாச்சுன்னா விஷம் இருந்தாகணும். இந்த நாட்டுல விஷ உற்பத்தி கிடையாது. அப்போ அது இறக்குமதி. இயக்ககத்துக்குள்ள கொண்டு வந்தது நீங்க. வாசல் பதிவேட்டுல உங்க கையெழுத்து இருக்கு. இந்த ஆண்டின் மொத்தப் பூச்சிக்கொல்லி இறக்குமதி, சார் மூடியில ஊத்தின இருபது மில்லி. இறக்குமதியாளர் நீங்க ஒருத்தர்தான். அனுமதி வாங்கலை.”

“என் தம்பி மேல கொட்டினது என்ன?” என்று மனைவி கேட்டாள்.

“அது வயல்ல கொட்டினதும்மா. நறுமணம். சார் குடிச்சதுதான் விஷம்.”

கைது ஆணையில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். பேனா அவர் விரலில் நிற்கவில்லை. மூன்று முறை விழுந்தது. அவர் எடைமேடைக்காரரைப் பார்த்தார். “நீங்கதான் அன்னைக்கு அழகாப் பிடிச்சீங்க. கொஞ்சம் பிடிங்களேன்.”

எடைமேடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மச்சினனின் கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே தாளத்தில் ஆடின.

“முடியாதுங்க” என்றார்.

போலீஸ்காரரின் லத்தி அவர் தோளில் விழுந்தது. “பிடிய்யா!”

“முடியாதுங்க.”

மறுபடியும் விழுந்தது. மச்சினன் கட்டிலிலிருந்து எழ முயன்று கீழே விழுந்தான். “மாமாவை அடிக்காதீங்க” என்றான். வாய் குழறியதால் அது யாருக்கும் புரியவில்லை. கடைசியில் இணை இயக்குநர், தாம் பொறுப்பேற்றுக்கொள்வதாக வருத்தத்தோடு அறிவித்து, ஆணையில் தாமே கையெழுத்திட்டார்.

சிறையில் கூட இருந்தவர்கள், “என்ன கேஸு?” என்று கேட்டார்கள். “இறக்குமதி” என்றார். பெரிய ஆள் என்று நினைத்து முதல் வாரம் மரியாதை கொடுத்தார்கள். இருபது மில்லி என்று தெரிந்ததும் உதைத்தார்கள். நான்கு மாதத்தில் அவருக்கு இரண்டு பல் போயிற்று.

விடுதலையான அன்று சிறை வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நகலை மனைவியிடம் கொடுத்தார்கள். அவள் படித்தாள். நாட்டுக்குள் வந்த இருபது மில்லிக்கு உரியவர் இன்று வெளியே அனுப்பப்படுவதால், அது இயக்ககக் கணக்கில் ஏற்றுமதியாகப் பதியப்படுகிறது. நாடு பூச்சிக்கொல்லி ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வரிசையில் சேர்ந்திருக்கிறது. இச்சாதனைக்காக இணை இயக்குநர், இயக்குநராகப் பதவி உயர்வு பெற்றிருக்கிறார்.

மனைவி தாளை நான்காக மடித்தாள். மச்சினன் நடுங்கும் கையை அக்காவின் தோளில் ஊன்றி நின்றிருந்தான்.

“ஏங்க, நான் ஒரு எட்டு அந்த ஆபீசுக்குப் போயி, நாலு பேரை வெளுத்துட்டு வந்துடட்டுமா?”

எடைமேடைக்காரர் நாக்கால் பல் போன இடத்தைத் துழாவினார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“நீ மட்டும் எதுக்கு?” என்றார்.

மூன்று பேரும் சாலையைக் கடந்து பேருந்து ஏறினார்கள். அப்போது மணி மூன்றரை. இயக்ககம் ஐந்து மணி வரை திறந்திருக்கும்.